கண்ணை மூடச் சொன்னவள்

மார்ச் 9

அன்பு அக்காவுக்கு,

நான் உயிரோடு, கை கால் எல்லாம் முழுசாக இருக்கிறேன். கடிதம் வந்தால் கடைசி வரியை முதலில் பார்க்கிற ஆள் நீ. அதனால் கடைசியில் எழுத வேண்டியதை முதலிலேயே எழுதிவிட்டேன். இனி நிதானமாகப் படி.

நிலநடுக்கம் வந்தபோது காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தையல்கடைக்கு மேலே இருக்கிற அதே மாடி அறைதான். மூச்சுப் பயிற்சி முடிந்து, எல்லோரும் பாயில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடி உடம்பைத் தளர்த்துகிற நேரம். யாரோ கட்டடத்தின் காதைப் பிடித்துத் திருகியதுபோல அறையே ஒரு பக்கமாக இழுத்தது. பயப்படாதே, எங்களில் யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. படுத்திருந்தவர்களை எழுப்பி, ஒவ்வொருவராகப் படியிறக்கிவிட்டு, கடைசியாகத்தான் நான் இறங்கினேன்.

நம் கணக்கு டீச்சர் மட்டும் படிக்கட்டில் கால் தவறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு என் வகுப்புக்கு வருகிறார் என்று சொன்னேன் இல்லையா? "இவளைப் பெருக்கச் சொன்னா கூட்டுவா, கூட்டச் சொன்னா பெருக்குவா" என்று வகுப்பையே சிரிக்க வைத்தவர், இப்போது என்னிடம் மூச்சு விடக் கற்றுக்கொள்ள வருவதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். தகடு வைத்துவிட்டார்களாம்.

என் வீட்டுச் சுவர் விரிந்து, படுக்கையறையிலிருந்தே தெரு தெரிகிறது. பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம் போட்டிருக்கிறார்கள். அங்கேதான் இருக்கிறேன். செல்போன் டவர் சாய்ந்துவிட்டது. தபால் வேன் மட்டும் எப்படியோ வருகிறது. நீ அவசரப்பட்டுக் கிளம்பி வராதே, ரோடு சரியில்லை. அத்தானிடம் சொல்.

உன் வாலு

மார்ச் 17

என் தங்கமே,

உன் கடிதம் வரும்வரை நான் மனுஷியாகவே இல்லை. சோற்றை வாயில் வைத்தால் இறங்கவில்லை. கடிதத்தைக் கையில் வாங்கியதும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். உன் அத்தான் பதறிப்போய், "என்ன, என்ன?" என்று பிடுங்கிப் படித்துவிட்டு, "உன் தங்கச்சி சாதாரண ஆளில்லடி" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். நல்ல வேலையை விட்டுவிட்டு நீ இந்த வகுப்பை ஆரம்பித்தபோது நான் என்ன சொன்னேன்? "மூச்சு விடச் சொல்லித்தர ஒரு ஆளு, அதைக் கத்துக்க ஒரு கூட்டமா?" என்று கேட்டேன். எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! கட்டடம் ஆடும்போது அத்தனை பேரையும் இறக்கிவிட்டுக் கடைசியாக இறங்குவதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும்? அந்த நிதானம் உனக்கு இந்த வேலையில் இருந்துதானே வந்திருக்கிறது? இனி என் வாயிலிருந்து கேலி வராது.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் உன் கடிதத்தை அலுவலகத்தில் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எங்கள் மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை நம்ம மாத இதழ்ல போடணும்" என்று வாங்கிப்போயிருக்கிறார். ரோடு சரியானதும் உன்னை இங்கே அழைத்து, 'நெருக்கடியில் நிதானம்' என்று பேச வைக்கப் போகிறார்களாம். என் தங்கை மேடையில், நான் முதல் வரிசையில். புடவைகூட முடிவு செய்துவிட்டேன்.

டீச்சருக்கு என் அன்பைச் சொல். நீ பக்கத்தில் இருப்பது அவருக்கு எவ்வளவு பலம்!

பெருமையோடு,
உன் அக்கா

மார்ச் 26

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. உனக்கு எழுதியதை எதற்கு ஊருக்கெல்லாம் வாசித்தாய்? உன்னை நம்பி ஒன்று எழுதக்கூடாதா? இதழில் போட வேண்டாம் என்று மேலாளரிடம் உடனே சொல்லிவிடு. மேடை, பேச்சு எல்லாம் எனக்குச் சரிப்படாது. கோபமாக எழுதுவதாக நினைக்காதே. தூக்கம் சரியில்லை.

இங்கே மைதானத்தில் காலையும் மாலையும் வகுப்பு எடுக்கிறேன். முகாம் பொறுப்பாளர் கேட்டுக்கொண்டார். வராதவர்கள் எல்லாம் வருகிறார்கள். நகரப் பேருந்து ஓட்டுகிற டிரைவர் அண்ணன் முன்பே என் வகுப்பு ஆள்தான். அவருக்கு இப்போது ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை உதறுகிறதாம். பிரசவமாகிக் கொஞ்ச நாள்தான் ஆன ஒரு பெண் குழந்தையைத் தரையில் விடவே மாட்டேன் என்கிறாள். தூங்கும்போதும் மடியிலேயே வைத்திருக்கிறாள். தோளும் கழுத்தும் கட்டையாக இறுகிக் கிடக்கின்றன. பிடித்துவிட்டால் தேம்பித் தேம்பி அழுகிறாள். "நீங்க வந்தாத்தான் எனக்கு உசுரே வருது" என்கிறாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீர் எடுக்கப் போகிறமாதிரி எழுந்துவிடுவேன்.

வகுப்பில் வழக்கமாக நான் ஒரு வரி சொல்வேன். எல்லோரும் படுத்த பிறகு, "உடம்பைத் தரைகிட்ட ஒப்படைச்சிடுங்க, தரை உங்களைத் தாங்கும்" என்று. அந்த ஒரு வரி மட்டும் இப்போது தொண்டையில் நிற்கிறது. யார்தான் நம்புவார்கள்? மற்றதெல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறேன். மெதுவாக இழுங்கள், மெதுவாக விடுங்கள். எனக்கே மூச்சு நெஞ்சுக்குக் கீழே இறங்குவதில்லை. செருப்பைக் கழற்றாமல், கூடார வாசலை ஒட்டித்தான் படுக்கிறேன். மாடிப்படி ஏறி ரொம்ப நாளாகிவிட்டது. முகாமுக்கு மனநல டாக்டரம்மா ஒருவர் வந்திருக்கிறார். என்னைப் பார்த்தால், "நீங்க இருக்கறதால எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்கிறார். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

டீச்சரை அடிக்கடி போய்ப் பார்க்கிறேன். நன்றாகத் தேறி வருகிறார். உன்னை விசாரித்தார்.

இதழ் விஷயத்தை மறந்துவிடாதே.

வாலு

ஏப்ரல் 3

அடியே,

டவர் சரியாகிவிட்டது என்கிறார்கள். மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. அதனால் மறுபடி பேனாதான்.

முதலில் ஒரு செய்தி. இதழ் அச்சாகி வந்துவிட்டது. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே வந்துவிட்டது. நான் என்ன செய்ய? முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். 'கடைசியாக இறங்கியவள்' என்று தலைப்பு. மாடி வீட்டுக்காரர்கள் வரை கேட்டு வாங்கிப் போகிறார்கள். உனக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் ஒரு பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். தன்னடக்கத்துக்கும் ஒரு அளவு உண்டு.

இரண்டாவது செய்தி. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன்னைப் பிடிக்க முடியாததால் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நர்ஸிடம் கெஞ்சி, டீச்சரிடம் பேசினேன். என் குரலை உடனே கண்டுபிடித்துவிட்டார். "கெட்டிக்காரி, சௌக்கியமா?" என்றார். தங்கச்சி உங்களை நல்லா பாத்துக்கறாளா என்று கேட்டேன். "அவ இன்னும் வரலையேம்மா. வரச் சொல்லு. நான் அவளுக்காகத்தான் காத்திட்டிருக்கேன்" என்றார்.

அடிக்கடி போய்ப் பார்ப்பதாக எழுதியிருந்தாயே? வயதானவர், மருந்து மயக்கத்தில் மறந்துவிட்டார் என்று உன் அத்தான் சொல்கிறார். கணக்கு டீச்சருக்கா மறதி? என் பரீட்சை மார்க்கைக்கூடச் சரியாகச் சொன்னார்.

என்னடி நடக்கிறது அங்கே? உனக்கு ஏதாவது உடம்புக்கா? எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல். நான் உன் அக்கா.

கவலையோடு,
அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டாதே. காட்டினாலும் சரிதான். முதலில் நீ படி.

நான் கடைசியாக இறங்கவில்லை. முதலில் இறங்கினேன்.

எல்லோரும் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். மூடச் சொன்னதே நான்தான். அறையில் கண் திறந்திருந்த ஒரே ஆள் நான். தரை ஆடுவதற்குச் சற்று முன்பே ஜன்னல் கம்பி அதிர்வதைப் பார்த்துவிட்டேன். அது என்னவென்று எனக்கு உடனே புரிந்தது. "எழுந்திருங்க" என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்லக்கூட நான் நிற்கவில்லை. ஓடினேன். படுத்திருந்தவர்களைத் தாண்டி ஓடினேன். டிரைவர் அண்ணனின் கையை மிதித்தேன் என்று நினைக்கிறேன். அவருக்கு அது யார் கால் என்று தெரியாது.

முட்டி வலியால் டீச்சர் கீழே படுக்க மாட்டார். கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆட்டம் தொடங்கியதும் எழுந்து, கைப்பிடியைப் பிடித்துப் படியில் இறங்க ஆரம்பித்திருக்கிறார். குறுகலான படி. அவரைத் தாண்ட வழியில்லை. நான் தாண்டினேன். என் தோள் அவர் முதுகில் இடித்தது எனக்கு இப்போதும் தெரிகிறது. அவர் விழுந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் அக்கா போனேன்.

டிரைவர் அண்ணன்தான் அவரைத் தூக்கி வந்தார். நான் எதிர்க் கடை வாசலில் நின்று, அவர்கள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "கீழ இருக்கற கேட்டைத் திறக்க முன்னாடி ஓடினீங்களா? நல்லவேளை!" என்றார்கள். அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். நான் தலையாட்டினேன். உனக்கு எழுதும்போது அதைவிட நல்லதாக ஒன்றை நானே செய்துகொண்டேன். உன் கவலையைக் குறைக்கத்தான் அப்படி எழுதினேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். இல்லை. அப்படிப்பட்ட ஒருத்தியாக உன் ஒருத்தியின் கண்ணிலாவது இருக்க வேண்டும் என்று ஆசை.

வெட்கத்தில் பூமி பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்பார்கள். எங்கள் தெருவில் அது நிஜமாகவே பிளந்து கிடக்கிறது. ஆனாலும் நான் வெளியேதான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு இரண்டாவது மாடியில். படியில் ஏற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு துப்புரவு அம்மா, "பேஷன்ட்டாம்மா?" என்று கேட்டார். கடைசியில் ஏறிவிட்டேன்.

டீச்சர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரொம்ப இளைத்துவிட்டார். நான் வாய் திறப்பதற்குள்ளேயே, "உக்காரு. அழறதா இருந்தா வெளிய போய் அழுதுட்டு வா. இங்க எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

உட்கார்ந்தேன். "டீச்சர், நான்தான் உங்களை..." என்றேன்.

"தெரியும். எனக்கு முதுகுல கண்ணு இல்லையா? நாப்பது பிள்ளைங்களுக்கு போர்டைப் பாத்துக்கிட்டே பாடம் எடுத்தவ."

"யார்கிட்டயும் சொல்லலையே நீங்க."

"சொல்லி? உன் பொழப்பு கெடும். அதனால என் எலும்பு ஒட்டிடுமா?" என்றார். குரலை இறக்கி, "நீ இடிச்சதை நான் பெருசா எடுத்துக்கல. யாரு வேணா இடிச்சிருப்பாங்க. நீ திரும்பிப் பாத்தியே, அதைத்தான் மறக்க முடியல. தினம் அந்த மூஞ்சிதான் வருது. உன்னை நேர்ல பாத்தா அது போயிடுமான்னு பாக்கத்தான் வரச் சொன்னேன்."

"போச்சா டீச்சர்?"

"இல்ல" என்றார்.

காலைப் பிடித்துக்கொண்டேன். "மன்னிச்சுட்டேன்னு சொல்ல வைக்காத. எனக்கு அது இன்னும் வரல. வந்தா சொல்றேன். இப்ப எனக்கு நடக்கக் கத்துக்கற வேலை இருக்கு" என்று காலை மெதுவாக இழுத்துக்கொண்டார். நான் எழுந்தபோது, "அந்த மைதானத்துல இன்னும் கண்ணை மூடச் சொல்லித்தான் பாடம் நடத்தறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.

அக்கா, நீ என்னைத் திட்டு. நன்றாகத் திட்டி எழுது.

உன் தங்கை

ஏப்ரல் 22

தங்கைக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தின் கழிவறையில் வைத்துப் படித்தேன். வெளியே வந்தபோது சக ஊழியை ஒருத்தி, "தங்கச்சி லெட்டரா? எப்பக்கா வர்றாங்க?" என்று கேட்டாள். உடம்பு சரியில்லையாம் என்று சொல்லிவிட்டேன். பார், எனக்கும் வாயில் சுலபமாக வருகிறது.

திட்டச் சொன்னாய். திட்டத்தான் உட்கார்ந்தேன். பயந்து ஓடியதற்குத் திட்ட எனக்கு என்ன தகுதி? நான் அங்கே இருந்திருந்தால் ஜன்னல் வழியாகக் குதித்திருப்பேன். ஆனால் என்னை ஏன் இப்படிச் சந்தி சிரிக்க வைத்தாய்? உயிரோடு இருக்கிறேன் என்று இரண்டு வரி எழுதியிருந்தால் எனக்குப் போதாதா? நீ அங்கே வீரமாக இல்லை என்றால் நான் உன்னை நினைத்து அழமாட்டேனா? இத்தனை பேர் முன்னால் நான் நின்று, நெஞ்சை நிமிர்த்தி வாசித்தேனே. மேலாளர் கண்ணைத் துடைத்தாரே. இப்போது அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை. உன் அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. நீயும் வாயை மூடிக்கொண்டு இரு. கூட்டத்துக்கு நீ வர முடியாது என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். மைதான வகுப்பையும் வேறு யாரிடமாவது விட்டுவிடு. உன்னால் முடியாததை ஏன் செய்கிறாய்?

கொஞ்ச நாள் கடிதம் போடாதே. எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

அக்கா

மே 6

அன்புள்ள அக்கா,

போடாதே என்று எழுதியிருந்தாய். இதைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, தோன்றும்போது படி. உன்னைத் தலைகுனிய வைத்ததற்கு என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. உன்னிடம் சொன்னதை இனி பொய்யாக்காமல் இருப்பது மட்டும்தான் என் கையில் இருக்கிறது.

நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஒருநாள் மாலை வகுப்பில், கைக்குழந்தையோடு வருகிற அந்தப் பெண் முதல்முறையாகக் குழந்தையைத் தன் பக்கத்தில் பாயில் படுக்க வைத்தாள். "நீங்க இருக்கீங்கன்னு தைரியமா விடறேன்" என்று சொல்லிக் கண்ணை மூடினாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லோரையும் கண்ணைத் திறக்கச் சொன்னேன். எழுந்து உட்காரச் சொன்னேன். நடந்தது அத்தனையும் சொன்னேன். டீச்சரை இடித்ததையும் சொன்னேன். "இன்னொரு தடவை ஆடினா நான் மறுபடி ஓடமாட்டேன்னு என்னால சொல்ல முடியாது. என்னை நம்பி யாரும் கண்ணை மூடாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

டிரைவர் அண்ணன் குழப்பமாக, "அப்ப கேட்டைத் திறந்தது யாரு?" என்றார்.

"கேட் அன்னைக்குப் பூட்டவே இல்லண்ணே."

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் மிதித்த விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை.

அந்தப் பெண் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அவள் பிறகு வரவேயில்லை. தண்ணீர் வரிசையில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். இன்னும் சிலரும் எழுந்து போனார்கள். மிச்சமிருந்தவர்களில் கீழ்க்கடைத் தையல்காரர் தொண்டையைக் கனைத்து, "இப்ப வகுப்பு உண்டா, இல்லையா? எனக்கு முதுகு பிடிச்சிருக்கு" என்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வகுப்பு எடுத்தேன். கண்ணைத் திறந்தபடியே. இப்போது எல்லாமே கண் திறந்த பயிற்சிதான். வானத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சு விடுகிறோம். வருகிறவர்கள் குறைவு. முகாம் பொறுப்பாளர் என்னைப் பார்த்தால் முன்போல் நின்று பேசுவதில்லை.

மனநல டாக்டரம்மாவிடமும் போனேன். உதவியாளராக இல்லை, மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்து. நான் தோள் பிடித்துவிட்ட ஆட்களே எனக்கு முன்னாலும் பின்னாலும் இருந்தார்கள். "என்ன, நீங்களுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். முகம் கொதித்தது. ஆமாம் என்றேன். டாக்டரம்மா என்னிடம் பெரிய உபதேசம் எதுவும் செய்யவில்லை. "எத்தனை நாளா செருப்போட தூங்கறீங்க?" என்று கேட்டார். யாரும் என்னிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. அங்கேதான் உடைந்து அழுதேன்.

டீச்சரை இப்போது நிஜமாகவே போய்ப் பார்க்கிறேன். அவருக்கு வாக்கர் வைத்து நடக்கப் பழக்குகிறார்கள். நான் பிடிக்க வந்தால் வேண்டாம் என்கிறார். பிசியோதெரபி அறையின் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். பேச்சு அதிகம் கிடையாது. போன வாரம் அவர் நடுஅறையில் நின்றுகொண்டிருந்தபோது மறுபடி ஒரு ஆட்டம். சின்னதுதான். ஆனால் விளக்கு ஊஞ்சலாடியது, அலமாரிக் கண்ணாடி கிலுகிலுத்தது. பயிற்சி கொடுக்கும் பெண் பக்கத்து அறையில் இருந்தாள்.

அக்கா, நான் ஓடிப்போய் டீச்சரைத் தாங்கிப் பிடித்தேன் என்று எழுத எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா? உனக்கும் படிக்க எவ்வளவு நன்றாக இருக்கும்! நடந்தது அதில்லை. நான் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என் கால்கள் கதவுப் பக்கம்தான் திரும்பின. டீச்சரைத் தாண்டித்தான் கதவு. தாண்டும்போது அவர் வாக்கரை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்படியொரு பிடி. உதறினால் அவர் விழுவார். நான் உதறவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றோம்.

ஆட்டம் நின்ற பிறகும் கையை விடவில்லை. "ஓடப் பாத்தியா?" என்றார்.

"ஆமா டீச்சர்."

"நானும்தான். கால் வரல" என்றார்.

பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மன்னிப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அலுவலகத்தில் நீ எதையும் சொல்ல வேண்டாம். அது உன் இடம், உன் விருப்பம். நான் கேட்பது ஒன்றுதான். என்னைப் பற்றி யாராவது நல்லதாகச் சொன்னால், அதைக் கேட்டு உனக்குக் கூசினால், அந்தக் கூச்சத்துக்கு என்னை வெறுத்துவிடாதே.

உன் தங்கை

மே 19

வாலு,

உன் கடிதம் வந்து சில நாள் சமையலறை டப்பாவில் கிடந்தது. பிரிக்கவில்லை. அதற்குள் மேலாளர் கூப்பிட்டு, "அடுத்த இதழுக்கும் உங்க தங்கச்சி ஏதாவது எழுதித் தருவாங்களா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து படித்தேன். படித்து முடித்ததும் உன் அத்தானை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்து, "பாவம், தனியா இத்தனை நாளா" என்றார். அதை முதலில் நான் சொல்லியிருக்க வேண்டும். நானோ, என்னைச் சந்தி சிரிக்க வைத்தாய் என்று எழுதினேன்.

மறுநாள் மேலாளரிடம் போய், இதழில் வந்தது உண்மையில்லை, திருத்தம் போட வேண்டும் என்றேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "அது பழைய இதழ்மா. இப்ப யாரு அதை ஞாபகம் வச்சிருக்கப் போறா? விடுங்க" என்றார். ஆளாளுக்குப் பிரதி வாங்கிப் போனபோது அது பழையதாக இல்லை. சரி என்று சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் எழுந்து நின்று நானே சொன்னேன். உன் கடிதத்தை வாசிக்கவில்லை, பயப்படாதே. என் வாயால் சொன்னேன். நான் பெருமையடிக்க ஆசைப்பட்டு, உன்னைக் கேட்காமல் ஊருக்கெல்லாம் காட்டினேன் என்பதையும் சொன்னேன்.

கை தட்ட இது என்ன மேடையா? எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருத்தி மட்டும், "இதை எதுக்குக்கா இப்ப சொல்றீங்க, சாப்பிடற நேரத்துல" என்றாள். அன்றிலிருந்து என் மேசைப் பக்கம் யாரும் அதிகம் வருவதில்லை. டீ நேரத்தில் என்னைக் கூப்பிடுவதில்லை. பரவாயில்லை என்று எழுதப் பேனா போகிறது. ஆனால் பரவாயில்லை என்று இல்லை. கேன்டீனுக்குள் நுழையும்போது முகம் எரிகிறது. நான் செய்யாத ஒன்றுக்கே எனக்கு இப்படி இருக்கிறது. நீ அந்த மைதானத்தில் அத்தனை பேர் நடுவில் தினமும் எப்படி நின்றாயோ, அதை நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

ரோடு திறந்துவிட்டார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். அத்தான் வரவில்லை, நான் மட்டும்தான். கூடாரத்தில் எனக்கு ஒரு பாய் போட்டு வை. வாசலை ஒட்டி வேண்டாம், நீ உள்ளே தள்ளிப் படு, வாசல் பக்கம் நான் படுத்துக்கொள்கிறேன். எனக்குத் தைரியம் என்று நினைத்துவிடாதே. ஆடினால் உன்னை மிதித்துக்கொண்டு ஓடாமல் இருக்கத்தான்.

அன்போடு,
உன் அக்கா